டோக்கன் உள்ளே, ஆள் வெளியே

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பாடம் இல்லை. பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு சிமெண்ட் கொட்டகை இருந்தது. அதில் பாய் விரித்து உட்காரவைத்து, எப்படி வாழ வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். இப்படி எழுதும்போதே கை கூசுகிறது. பி.ஏ. படித்திருந்தேன், வீட்டில் பூஜை உண்டு, பிள்ளையை அதட்டாமல் வளர்ப்பவள் என்று அக்கம்பக்கத்தில் பெயர் இருந்தது. அது போதும் என்று நானும் நினைத்தேன், பிள்ளைகளை அனுப்பிவைத்த அம்மாக்களும் நினைத்தார்கள்.

பொய் சொல்லாதே. யாரையும் மனத்தால்கூட நோகடிக்காதே. அடுத்தவர் வலியை உன் வலியாக நினை. செய்த உதவியைச் சொல்லிக் காட்டாதே. கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. சுற்றிச் சுற்றி இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தேன். உண்மை சொன்னவனுக்கு முதலில் கஷ்டம் வரும், பிறகு தீர்ந்துவிடும். அன்பாக இருந்தவனுக்கும் அப்படியே. உண்மையும் அன்பும் ஒரே கதைக்குள் எதிரெதிராக வந்து நிற்கிற மாதிரி ஒன்றுகூட என் கைவசம் இல்லை.

கீழ்வீட்டுக்காரர் என் வகுப்பைக் கேலி செய்துகொண்டே இருப்பார். எங்கள் பிளாக்கில் மேலே இரண்டு வீடு, கீழே இரண்டு வீடு. எங்களுக்கு நேர் கீழே அவர் குடும்பம். தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆவடி குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் திருநெல்வேலி, சேலம், மதுரை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், நாங்களே கும்பகோணம் பக்கம். அவர் உள்ளூர்க்காரர், பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் சும்மா விட மாட்டார்.

"இன்னா டீச்சரம்மா, கீற புள்ளைங்களையெல்லாம் சாமியாரா ஆக்கிகினு கீறீங்க? அப்பால ஃபேக்டரிக்கு ஆள் எங்கேர்ந்து வரும்?"

"உங்க பொண்ணுங்களையும் ஒழுங்கா அனுப்புங்க."

"அனுப்பிகினுதானே கீறேன்! அதான் வம்பே. இன்சூரன்ஸ்காரன் வந்தான்னா நான் இல்லேன்னு சொல்லுடீன்னு பெரியவகிட்ட சொன்னேன். இவ நேரா போயி கதவத் தொறந்து, 'எங்க நைனா கட்டில் பின்னால கீறாரு, கூப்புடட்டா?'ன்றா. மானம் போச்சு!"

உள்ளிருந்து அவர் மனைவி கத்துவாள்: "தே, அவங்கள மேல ஏறிப் போவ வுடு. பால் தூக்கை வெச்சிகினு நிக்கிறாங்க பாரு."

என் மகன் அவரோடு ஒட்டிக்கொண்டான். ஐ.டி.ஐ. முடித்து அதே தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தான். அப்ரண்டிஸ் முடிந்தால் பர்மனெண்ட் ஆகிவிடலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பையனுக்காக யாரும் சாமியிடம் அதைவிடப் பெரிதாக எதையும் கேட்டதில்லை. என் கணவர் அங்கேயே வரைபடப் பிரிவில் இருந்தார், மேஜை வேலை. மகனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கவும், அரத்தை அழுத்தாமல் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது கீழ்வீட்டுக்காரர்தான். அவனை 'மாமே' என்பார். இவன் அவரை 'அண்ணாத்தே' என்பான். எங்கள் வீட்டுப் பேச்சே மாறிப்போனது.

அவருடைய அப்பாவுக்குக் கை கால் இழுத்துவிட்டது. பூந்தமல்லியில் பழைய வீட்டில், அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அந்தக் கிழவர் வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். சின்ன மகன் வர வேண்டும். அதனால் இவர் விடியற்காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி போய், அப்பாவுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, பருத்திப்பட்டு வழியாகத் திரும்பி வந்து சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலைக்குள் நுழைவார். கிழவர் சில நாள் சீக்கிரம் விழுங்கிவிடுவார். சில நாள் ஒரு வாயை அரை மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பார். அந்த நாள்களில் இவருக்கு நேரமாகிவிடும்.

டோக்கன் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலை கேட்டுக்குள் ஒரு பெரிய பலகை. அதில் ஆணி ஆணியாக, எண் அடித்த பித்தளை வில்லைகள் தொங்கும். உள்ளே போகிறவர் தன் வில்லையை எடுத்துப் பக்கத்திலுள்ள பெட்டிக்குள் போட வேண்டும். டோக்கன் பெட்டிக்குள் விழுந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று கணக்கு. இரண்டாவது சங்கு ஊதியதும் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்தால் அரை நாள் போயிற்று, திரும்பத் திரும்பத் தாமதமானால் மெமோ. ஆனால் காலையில் வருகிற கூட்டம் சைக்கிளும் சாப்பாட்டுத் தூக்குமாக அப்படி நெருக்கியடிக்கும். அந்த நெரிசலில் ஒருவர் கையில் இரண்டு வில்லை இருந்தால் யாருக்கும் தெரியாது. மனைவிக்குப் பிரசவம், பிள்ளைக்குக் காய்ச்சல், ரயில் தாமதம் என்றால் பக்கத்து ஆள் போட்டுவிடுவார். தாமதமானவர் பின்னாலேயே வந்து, தெரிந்த காவலாளி இருக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே நழுவிவிடுவார். இதற்கு 'பார்த்துக்கொள்வது' என்று பெயர். "நாளைக்குக் கொஞ்சம் பாத்துக்க" என்றால் போதும். அதைப் பொய் என்று குவார்ட்டர்ஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைச் செய்யாதவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

கீழ்வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே மெமோ வந்திருந்தது. லீவும் தீர்ந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் மகன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் மனைவி குழாயடியில் குடம் கழுவ, நான் மேலே துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"மாமே, நாளிக்கு லேட்டாவும்போலக் கீது. கெழவன் ரெண்டு நாளா முழுங்க மாட்டேன்றான். பாத்துக்கறியா?"

"நீங்க வாங்க அண்ணாத்தே, நான் இருக்கேன்."

மறுநாள் காலை சங்கு ஊதி ஓய்ந்த பிறகு பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் லாரி ஒரு மொபெட்டை அடித்துவிட்டதாம், ஆளை யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், வண்டி மட்டும் கிடக்கிறதாம். "பச்சை வண்டிம்மா. உங்க ஊட்டு வண்டி மாதிரியே கீது" என்று கீழ்வீட்டு வாசலில் நின்று சொன்னார். கீழ்வீட்டுக்காரர் மனைவி மாவுக் கையோடு வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் செருப்பு போடாமல் இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேரும் தொழிற்சாலை கேட்டுக்கு ஓடினோம். உள்ளே வந்துவிட்டாரா என்று கேட்டால் தெரிந்துவிடுமே.

காவலாளி நல்ல மனிதர். எண்ணைக் கேட்டார், உள்ளே போனார், சிரித்துக்கொண்டே வந்தார்.

"டோக்கன் இருக்கும்மா. உள்ளேதான் இருக்கார்."

"நெசமாவா சார்? கொஞ்சம் அவரு வேல செய்ற ஷாப்புல கேளுங்க சார்" என்றாள் அவள். டோக்கனைப் போட்டது யாராக இருக்கும் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும், ஆனால் அதைக் காவலாளியிடம் சொல்ல முடியாது.

அவர் போன் சுற்றினார். எதிர்முனையில் பேசியவர் யாரிடமோ கேட்பது எங்களுக்கே கேட்டது. காவலாளி போனை வைத்துவிட்டு, "இப்பத்தான் ஸ்டோர்ஸ் பக்கம் போனாராம். கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க. பச்சை வண்டி ஊர்ல ஒண்ணுதானா? வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்.

ஆளைக் காணவில்லை என்று விசாரணை வந்தால் ஷாப்பில் எல்லோரும் சொல்கிற பதில் அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்டோர்ஸுக்குப் போயிருக்கார், கேன்டீன் பக்கம் போயிருக்கார், இப்பத்தான் இங்க இருந்தார். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள். அவர்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம்.

நானும் சொன்னேன்: "பாத்தியா, உள்ளேதான் இருக்கார். சாமி காப்பாத்திட்டார்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்கு வந்து அவளே காப்பி போட்டு எனக்கும் கொடுத்தாள். "வரட்டும் அந்தாளு. வண்டிய வித்துட்டு பஸ்ல போன்னு சொல்றேன். இன்னிக்கி என் உசிரே போய்ட்ச்சு" என்றாள்.

உச்சிப்பொழுதில் ஒரு போலீஸ்காரர் தொழிற்சாலை அடையாள அட்டையோடு வந்தார். சட்டைப்பைக்குள் மடிந்து கிடந்ததை யாரோ தாமதமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும் தொழிற்சாலைக்குப் போன் செய்தார்களாம். அந்த எண்ணுள்ள ஆள் உள்ளே வேலையில் இருக்கிறார், அட்டை தொலைந்துபோனதாக இருக்கும் என்று பதில் வந்ததாம். அதனால்தான் போலீஸ்காரர் விலாசத்தை விசாரித்து நேரில் வர நேரமாயிற்று. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வார்டு ஆயா ஒருத்தி, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவளிடம் சொன்னாள்: "நல்லாத்தான் பேசிகினு இருந்தாரு தாயி. ஊட்டுக்காரி வந்தாளா, ஊட்டுக்காரி வந்தாளான்னு கேட்டுகினே இருந்தாரு."

அன்று சாயங்காலம் மகன் வந்து என் முன்னால் நின்றான். கீழே அழுகைச் சத்தம். அவன் கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. அப்ரண்டிஸ்களுக்கு வேலைப் பயிற்சிக் கூடம் தனியே மறுகோடியில் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

"அம்மா, நான்தான் போட்டேன்" என்றான்.

"தெரியும்டா."

"நான் போடலேன்னா கேட்லயே இல்லேன்னு சொல்லியிருப்பாங்க. கீழ்வீட்டு அக்கா அப்பவே ஆஸ்பத்திரி தேடிப் போயிருப்பாங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்று சொன்னால் அது பொய். ஆமாம் என்று சொன்னால் என் பிள்ளை அங்கேயே உடைந்துவிடுவான். அவன் தலையைத் தடவினேன். அவன் விலகிக்கொண்டான்.

காரியம் முடிந்ததும் விசாரணை தொடங்கியது. ரெகார்டுப்படி ஆள் உள்ளே, போலீஸ்படி ஆள் ரோட்டில். இது தீராமல் ஒரு காகிதமும் நகராது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் குடும்ப பென்ஷன் வர வேண்டும். கருணை அடிப்படையில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். ரெண்டு பெண் குழந்தைகள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லுகிற நாளும் வரும். எல்லாமே டோக்கனைப் போட்டது யார் என்ற கேள்வியில் போய் மாட்டிக்கொண்டது. அவளையே திரும்பத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டார்கள். உன் புருஷன் வழக்கமாக வெளியே சுற்றுவாரா? யாருக்காவது காசு கொடுத்து டோக்கன் போடச் சொல்வாரா? வெளியில் வேறு வேலை ஏதாவது பார்த்தாரா? அவள் போய்விட்டு வருவதை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வருவாள்.

பூந்தமல்லியில் அந்தக் கிழவரிடம் யாரும் சொல்லவில்லையாம். காலையில் வாசல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருப்பாராம்.

தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் என் கணவரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

"யார் போட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாது சார். தெரியவும் வேணாம். எல்லாரும் போடறதுதான். ஒருத்தன் வாயைத் தொறந்தா இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. அதுலயும் அப்ரண்டிஸ்னு வெச்சுக்கங்க, விசாரணைகூட இல்லை, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்." என் மகனைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, "தம்பி நல்லா வேலை கத்துக்கறான்னு சொன்னாங்க. சந்தோஷம்" என்று கிளம்பினார்.

அவர் போனதும் மகன் கேட்டான். "அக்காவ எதுக்கும்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேக்கறாங்க? அவங்களுக்கு என்ன தெரியும்? என்னைத்தானே கேக்கணும்?"

என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் போய் நிற்பவர். "சத்தியம் நல்லதுதான்ப்பா. ஆனா அதுக்கும் ஒரு நேரம் இருக்கு. நீ பர்மனெண்ட் ஆகிடு. அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு ஆயுசு பூரா செய்வோம். வேலை இல்லாம நீ யாருக்கு என்ன செய்ய முடியும்?" என்றார். அவர் சொன்னதிலும் அன்பு இருந்தது. எது அன்பு இல்லை என்று சுட்டிக்காட்ட அந்த நாள்களில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டோக்கனைப் போட்டது அன்பு. ஸ்டோர்ஸுக்குப் போனார் என்றது அன்பு. நான் கேட்டில் நின்று சாமி காப்பாற்றிவிட்டார் என்றதும் அதுதான்.

மகன் என் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்கம்மா. எல்லாப் பசங்களுக்கும் சொல்லுவீங்களே."

"யோசிச்சுச் சொல்றேன்."

"சொல்லுன்னா சொல்லிடறேன். வேணாம்னா வேணாம். ஒரு வார்த்தை சொல்லுங்க."

என் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சொல்லு என்றால் அவன் வாழ்க்கையை நான் கையால் எடுத்துக் கிணற்றில் போட்டதாக ஆகும். வேண்டாம் என்றால் கீழே இருக்கிறவளின் கழுத்தில் நான் காலை வைத்ததாக ஆகும். காலையில் பூஜை அலமாரி முன்னால் நின்றால் விளக்கு ஏற்றுவேன், கை கூப்புவேன், அத்தோடு நின்றுவிடும். என்ன வேண்டிக்கொள்வது? அவன் சொல்லிவிட வேண்டும் என்றா, சொல்லக் கூடாது என்றா? ரெண்டையும் வேண்டிக்கொண்டேன். சில நாள் வேறு யாராவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். போட்டது இவன்தான் என்று தெரிந்தும் அப்படி வேண்டிக்கொண்டேன். கோயில் கொட்டகைக்கு வருகிற பிள்ளைகளை அந்த வாரங்களில் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவன் கீழே இறங்கிப் போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் வந்து நின்றேன். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு டோக்கனைப் போட்டது நான்."

"எனுக்குத் தெரியாதா? கொழாயாண்டதானே இருந்தேன்." பின்னுவதை அவள் நிறுத்தவில்லை.

"நான் போயி ஆபீஸ்ல சொல்லப்போறேங்க்கா."

"சொல்லி?"

"உங்க பேப்பர் நகரும்."

"நகரும். அப்பால இன்னான்னு எழுதுவான்? ஆளை வெச்சு டோக்கன் போட்டுகினு ஊர் சுத்துனவன்னு எழுதுவான். செத்த மனுசன் வந்து இல்லேன்னு சொல்லுவாரா? இதுங்க ரெண்டும் நாளிக்கு அதைத்தானே படிக்கணும்?"

அவள் ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். குழந்தை "ஆ" என்றது.

"நீ அவருக்காவத்தான் போட்டே நைனா. அத்த நான் தப்புன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு நான் காப்பி குடிச்சேன். அவரு அங்க கெடந்து என்னைக் கேட்டுகினு இருக்கசொல்ல, நான் இங்க குந்திகினு காப்பி குடிச்சேன். நீ எதிர்ல வந்தா எனுக்கு அந்தக் காப்பிதான் நெஞ்சாண்ட வருது. போ. மேல போ."

அவன் ஏறி வந்தபோது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டேன். என்னைத் தாண்டிப் போனான். அந்தக் காப்பியை நானும்தான் குடித்தேன். அதை அவள் சொல்லவில்லை.

இனி அவன் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். அவளே வேண்டாம் என்கிறாளே. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்தும் எனக்குப் பயமாக இருந்தது.

சில நாள் கழித்து, வேலை நாளில், மத்தியான வெயிலில் அவன் திரும்பி வந்தான். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. அவன் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சாயங்காலம் அப்பா வந்த பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அதிகாரி முழுதாகக் கேட்டாராம். யார் சொல்லி வந்தாய், சங்கமா, அந்தம்மாவா என்றாராம். யாரும் இல்லை என்றானாம். அந்த ஃபிட்டர் உன்னைப் போடச் சொன்னாரா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்றார் என் கணவர்.

"அவர் சொல்லலைன்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது, நானாத்தான் போட்டேன், லேட்டா வந்து அரை நாள் போனா போகட்டும்னுதான் அவர் இருந்தார்னேன். இதுக்கு முன்னாடியும் யாரையும் போடச் சொன்னதில்லைன்னேன்."

"அது பொய்யாச்சே!"

"ஆமா."

"எழுதி வாங்கினாங்களா?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

கேட்காமலே ஒருவன் இன்னொருவன் டோக்கனை எடுத்துப் போட்டான் என்றால் அது உதவி ஆகாது, விளையாட்டுத்தனமும் ஆகாது, மோசடி. அப்ரண்டிஸ் ரத்து. வேறு எந்த அரசுத் தொழிற்சாலையிலும் இனி கூப்பிட மாட்டார்கள் என்று என் கணவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மகனைத் திட்டவும் எனக்கு வரவில்லை, கட்டிக்கொள்ளவும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் சொன்னதெல்லாம் அன்றைக்கு அவன் செய்ததில் இருந்தது. உண்மையைச் சொன்னான். அடுத்தவர் வலியைத் தன்மேல் எடுத்துக்கொண்டான். செய்ததைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் நடுவில் ஒரு பொய், கையெழுத்துப் போட்ட பொய். அதைப் பிடுங்கிவிட்டால் மற்றதெல்லாம் சரிந்துவிடும். இப்படி ஒன்றை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு யாரிடம் கற்றான்? ஊரே ஒரு மனிதரைக் காப்பாற்றப் பொய் சொல்லித்தான் அவரைத் தனியாகச் சாகவிட்டது. அதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த பிறகும் இவன் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இது நல்லதற்கு என்று யார் எனக்குச் சொல்வார்கள்? இதிலிருந்தும் யாருக்காவது ஏதாவது வந்து சேருமோ என்று அன்றிலிருந்து எனக்குப் பயம். இன்றும் அவன் வீட்டுக்கு வர நேரமானால் எனக்குக் கை ஓடாது.

காகிதம் நகர்ந்தது. அவருக்கு அன்று சம்பளமில்லாத விடுப்பு, அவர்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்களாம். பென்ஷன் வந்தது. அவளுக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை கிடைத்தது. மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தான். இரும்புத் துகள் ஏறிய சட்டையோடு ரயிலில் வந்து இறங்குவான். முன்போல் அதிகம் பேசுவதில்லை. பட்டறையில் அவன் கை சுத்தமாக இருக்கிறது என்று முதலாளி சொன்னாராம், அதை மட்டும் ஒருநாள் சொன்னான்.

அவள் வேலையில் சேர்ந்த வாரம், ஒரு சாயங்காலம், படியேறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தக் காலைக்குப் பிறகு அவள் எங்கள் படியில் ஏறியது அன்றுதான். மகன் இன்னும் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றாள். கேன்டீனில் எழுத்து வேலை பார்ப்பவர் யாரோ அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"எங்க ஊட்டுக்காரரு கேக்கவே இல்லேன்னு எழுதிக் குட்த்தானாமே."

"ஆமாம்."

"என் காது கேக்கத்தானே இவரு கேட்டாரு."

"ஆமாம்."

உள்ளே வா என்றேன். அவள் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். கோபமா, அழுகையா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"டீச்சரம்மா, அந்தப் புள்ளைக்கு இன்னாதான் சொல்லிக் குட்த்து வளத்தீங்க?"

திட்டினாளா, கும்பிட்டாளா? அவளிடமே கேட்டுவிட வாயைத் திறந்தேன். கீழே சின்னவள் "அம்மா" என்று கூப்பிட்டாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.